சிங்கப்பூரில் கப்பல் ஏறுமுன் ஊர் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட் என்று சுற்றிவிட்டுத் திரும்பி வரும் கப்பல் பயணங்களுக்கு நம் ஆட்கள் நிறையப் பேர் போகிறார்கள். கப்பலைப் பற்றி எல்லா விவரமும் கேட்டுத் தெரிந்துகொள்பவர்கள், கப்பல் ஏறும் ஊரை மட்டும் ஒரு இரவு தூங்கி எழும் இடமாக நினைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். கையில் ஒரே ஒரு நாள் இருந்தாலும், அந்தப் பழைய துறைமுகத்தைக் காலால் நடந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அது ஏன், எப்படி என்பதும், அதோடு சேர்ந்து வரும் விசா, பெட்டி, நேரம் பற்றிய விஷயங்களும் கீழே.

கப்பல் புறப்படும் நாளன்று காலையில் விமானத்தில் வந்து இறங்கினால் போதாதா?

போதாது. சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் பறக்க வேண்டும், ராத்திரி ஏறினால் விடிகாலையில் சாங்கி விமான நிலையம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் விமானம் தாமதமானால் அடுத்த விமானம் உண்டு. கப்பல் தாமதமாக வருபவருக்காக நிற்காது. மாலை 4 அல்லது 5 மணிக்குப் புறப்படும் கப்பலுக்கு, ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ முன்பாகவே செக்-இன் மூடிவிடுவார்கள். இந்தியாவையும் இலங்கையையும் விட சிங்கப்பூர் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முந்தைய நாள் காலையில் வந்துவிடுவதே சரி.

கப்பல் எங்கிருந்து கிளம்பும்? டிக்கெட்டில் "சிங்கப்பூர்" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது.

இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் இரண்டு கப்பல் முனையங்கள் இருக்கின்றன. ஒன்று, 2012-இல் திறந்த மரினா பே குரூஸ் சென்டர். இன்னொன்று, ஹார்பர்ஃபிரண்ட்டில் உள்ள சிங்கப்பூர் குரூஸ் சென்டர். பெரிய கப்பல்கள் மரினா பே பக்கம்தான் வரும். ஹார்பர்ஃபிரண்ட்டில் தலைக்கு மேலே செந்தோசா தீவுக்குப் போகும் கேபிள் கார் கம்பி ஓடுவதால், ஓர் உயரத்துக்கு மேற்பட்ட கப்பல்கள் அங்கே நுழைய முடியாது.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. மரினா பே குரூஸ் சென்டருக்குப் போக "மரினா பே" எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் இறங்கக் கூடாது. அதற்கு அடுத்தது, அதாவது வடக்கு தெற்குப் பாதையின் கடைசி நிலையமான "மரினா சவுத் பியர்"தான் உங்களுடையது. அங்கேயும் நிலையத்துக்கு எதிரே தெரியும் மரினா சவுத் பியர் என்பது பக்கத்துத் தீவுகளுக்குப் படகு விடும் சின்னத் துறை; கப்பல் முனையம் அதைத் தாண்டிக் கொஞ்சம் நடக்கும் தூரத்தில் தனிக் கட்டடமாக இருக்கிறது. பெட்டிகளோடு போனால் டாக்ஸியே நல்லது. ஓட்டுநரிடம் "மரினா பே" என்று மட்டும் சொல்லாமல் முழுப் பெயரையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் வாசலில் இறக்கிவிடவும் வாய்ப்பு உண்டு.

எந்தப் பக்கம் தங்கலாம்?

சைனாடவுன். இரண்டு முனையங்களுக்கும் பக்கம், கீழே சொல்லப்போகும் நடைக்கும் அதுதான் தொடக்கம். தேக்கா பக்கம், அதாவது லிட்டில் இந்தியாவில், அறை கிடைத்தாலும் நல்லதுதான். அங்கிருந்து வடகிழக்குப் பாதை ரயில் எங்கும் மாறாமல் நேரே ஹார்பர்ஃபிரண்ட் போகும். மரினா பே முனையத்துக்கு "தோபி காட்" நிலையத்தில் ஒரு முறை மாற வேண்டும்.

ஒரே ஒரு நாள்தான். யுனிவர்சல் ஸ்டூடியோஸ், செந்தோசா, விலங்குக் காட்சிசாலை, இதில் எது?

மூன்றும் வேண்டாம் என்பதே என் பதில். மூன்றுமே முழு நாளைக் கேட்கும் இடங்கள். காலையிலிருந்து வெயிலில் வரிசையில் நின்று, இரவு கால் வலியோடு படுத்து, மறுநாள் தூக்கம் கலையாமல் கப்பல் ஏறுவது எதற்கு? வேடிக்கை விளையாட்டெல்லாம் கப்பலிலேயே வேண்டிய மட்டும் இருக்கும். கப்பலில் கிடைக்காதது ஊர். சிங்கப்பூரின் பழைய ஊரோ கப்பல்களாலேயே உண்டானது. அதிலும் நம்மவர்கள் கடல் தாண்டி வந்து இறங்கிய கரை இது. நீங்கள் கப்பல் ஏறப்போகும் இடத்திலிருந்து இரண்டு ரயில் நிலைய தூரத்தில் அந்தக் கரை இருக்கும்போது அதைப் பார்க்காமல் போவது நியாயமில்லை.

சின்னப் பிள்ளைகளோடு வந்து அவர்கள் யுனிவர்சல் என்று அடம்பிடித்தால், தனியாக இன்னொரு நாள் ஒதுக்குங்கள். பயணத்துக்குப் பிறகு என்றால் இன்னும் நல்லது.

சரி, அந்த நடையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

மொத்தம் மூன்று கிலோமீட்டர் அளவில் இருக்கும். நின்று நிதானமாகப் பார்த்தால் ஒரு காலைப்பொழுது. எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

சைனாடவுன் நிலையத்தில் இறங்கி சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கு வந்தால் ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரம் தெரியும். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில், 1827-இல் தொடங்கியது. முதலில் மரமும் கீற்றுமாகத்தான் இருந்தது. அதற்குக் காரணமானவர் நாராயண பிள்ளை. 1819 மே மாதம், சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் பினாங்கிலிருந்து வந்த கப்பலிலேயே வந்து இறங்கி, இங்கே செங்கல் சூளை போட்டவர். காலை வேளையில் கோயில் அமைதியாக இருக்கும். உச்சி நேரத்தில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள் என்பதால் இங்கிருந்து தொடங்குவதே வசதி. ஐப்பசியில் நடக்கும் தீமிதி இந்தக் கோயிலில்தான்.

அதே வரிசையில் சில அடிகள் நடந்தால் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், அதாவது சூலியாக்கள், எழுப்பியது. இப்போதுள்ள கட்டடம் 1830-களின் முதல் பாதியில் முடிந்தது. கோயிலும் பள்ளிவாசலும் இத்தனை பக்கத்தில் இருக்கக் காரணம், இரண்டையும் கட்டியவர்கள் ஒரே கரையிலிருந்து வந்து ஒரே பகுதியில் குடியிருந்தவர்கள் என்பதுதான்.

அப்புறம் கிழக்கே இறங்கி தெலுக் ஆயர் தெருவுக்கு வாருங்கள். இந்த நடையின் உயிர் இந்தத் தெரு. இன்றைக்கு நாலாபக்கமும் வானுயரக் கட்டடங்கள்; ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்க்கும் வரை, தெருவின் ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கடல். படகிலிருந்து இறங்குபவர்கள் காலை வைத்த இடமே இதுதான். அதனால்தான் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்லும் கோயில்கள் எல்லாம் இந்த ஒரே தெருவில் வரிசையாக நிற்கின்றன. முதலில் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் குடிசையாகத் தொடங்கியதால் அதைக் குச்சுப் பள்ளி என்றே சொல்வார்கள். அடுத்து தியான் ஹொக் கெங் கோயில். சீனாவிலிருந்து வந்தவர்கள் கடலைக் காக்கும் தெய்வமான மாசூவுக்கு 1839-இலிருந்து 1842-க்குள் கட்டியது. அதற்கு அடுத்த மூலையில் நாகூர் தர்கா. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாக 1828-க்கும் 1830-க்கும் இடையில் சூலியாக்கள் கட்டியது. இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. நாகூரில் கடலுக்குப் போகிறவர்கள் யாரை வேண்டிக்கொண்டு போவார்களோ, அவருடைய பெயரிலேயே கடலைத் தாண்டியும் ஓர் இடம். கப்பல் ஏறப்போகிறவர்கள் இங்கே ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தர்காவை ஒட்டிய பூன் டாட் தெருவில் திரும்பினால் லாவ் பா சாட். 1894-இல் வார்ப்பிரும்பில் கட்டிய எண்கோணச் சந்தை, இப்போது உணவு அங்காடி. உட்கார்ந்து ஏதாவது குடித்துவிட்டு மார்க்கெட் தெரு வழியாக நடங்கள். நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) கிட்டங்கிகள், அதாவது கடன் கொடுக்கும் இடங்கள், இருந்த தெரு இது. தரையில் பாய் விரித்து, சின்ன மேசையும் இரும்புப் பெட்டியும் வைத்து வட்டிக்குக் கொடுத்தவர்கள். கட்டடங்கள் 1970-களின் மறுசீரமைப்பில் போய்விட்டன. பக்கத்தில் சூலியா தெரு என்ற பெயர்ப் பலகை மட்டும் மிச்சம்.

சூலியா தெரு சிங்கப்பூர் ஆற்றங்கரையிலுள்ள போட் கீயில் கொண்டுபோய் விடும். சரக்குப் படகுகள் ஆற்றை அடைத்துக்கொண்டு நின்ற இடம். ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலையில் 1983-இல் அவற்றை பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். 1869-இல் கட்டிய கேவனா பாலத்தைக் கடக்கும்போது, மாடுகளும் குதிரைகளும் வரக் கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். அக்கரையில் ஆற்றோரமாக வெண்கலச் சிலைகள் பல உண்டு, அதில் ஒரு தொகுதியில் செட்டியாரும் இருக்கிறார்.

பாலத்துக்கு எதிரே ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகம், 10 மணிக்குத் திறக்கும். எல்லாக் கூடங்களையும் பார்க்க நேரம் போதாது. சீனாவின் தாங் அரச காலத்தில் மூழ்கிய கப்பலின் கூடத்தை மட்டும் பாருங்கள். 9-ஆம் நூற்றாண்டில் சீனப் பீங்கான்களை ஏற்றிக்கொண்டு மேற்கே கிளம்பிய ஒரு மரக்கலம், இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே மூழ்கி, 1998-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கிண்ணங்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் உப்புத் தண்ணீரில் கிடந்தும் வண்ணம் மாறாமல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

வெளியே வந்து பாலத்தைத் திரும்பக் கடந்தால் ஃபுல்லர்டன் ஹோட்டல் (1928-இலிருந்து தலைமை அஞ்சலகமாக இருந்த கட்டடம்), அதைத் தாண்டி, சிங்கத் தலையும் மீன் உடலுமான மெர்லயன். சிலை 1972-இல் வைத்தது. புதிய பாலம் ஒன்று கடல் பக்கத்தை மறைத்துவிட்டதால், 2002-இல் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையம் அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து மரினா சவுத் பியர் இரண்டாவது நிலையம்.

என் கப்பல் ஹார்பர்ஃபிரண்ட்டிலிருந்து. நடையைத் திருப்பிப் போடலாமா?

தாராளமாக. மெர்லயனில் தொடங்கி, பதினொன்றரை மணிக்குள் மாரியம்மன் கோயிலுக்கு வந்துவிடுங்கள். சைனாடவுனிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் இரண்டே நிலையம். அருங்காட்சியகம் திறக்குமுன் அதைக் கடந்துவிடுவீர்கள், அது ஒன்றுதான் குறை.

அம்மா, அப்பாவுக்கு அவ்வளவு நடக்க முடியாது.

தெலுக் ஆயர் தெருவுக்கு மட்டும் டாக்ஸியில் கூட்டிப்போங்கள்; மூன்று இடங்களும் ஒரே தெருவில் சில நிமிட நடைக்குள் இருப்பதால் சிரமமில்லை. பிறகு கார்டன்ஸ் பை தி பே பூங்கா. அங்குள்ள இரண்டு கண்ணாடிக் கூடாரங்களும் குளுகுளுவென்று இருக்கும், சக்கர நாற்காலியும் உருட்டிப் போகலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் 35 மீட்டர் அருவி விழும் கிளவுட் ஃபாரஸ்ட்டுக்குப் போங்கள்.

தேக்கா போகாமல் எப்படி?

சாயங்காலம் போங்கள். வீரமாகாளியம்மன் கோயில், 1855-இலிருந்து இருக்கும் சீனிவாசப் பெருமாள் கோயில், கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம், நல்ல சாப்பாடு எல்லாம் சிராங்கூன் ரோட்டை ஒட்டியே. முஸ்தஃபா என்ற பெரிய கடையில் நுழைந்து சாமான் வாங்குவதைக் கப்பல் பயணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வாங்கினால் அத்தனையையும் கப்பலறையில் அடைத்துச் சுமக்க வேண்டியிருக்கும்.

இரவில் காசில்லாமல் பார்க்க ஏதாவது?

கார்டன்ஸ் பை தி பேயில் 25 முதல் 50 மீட்டர் வரை உயரமுள்ள சூப்பர்ட்ரீ என்ற செயற்கை மரங்கள் இருக்கும் தோப்பில் 7.45-க்கும் 8.45-க்கும் ஒளி ஒலிக் காட்சி, முழுக்க இலவசம். மரங்களுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதுதான் அழகு. அங்கிருந்து மரினா பே சாண்ட்ஸ் முன்புறம் நடந்து வந்தால் தண்ணீர்க் காட்சியும் உண்டு.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு மரினா பேரேஜ். மரினா விரிகுடாவைக் கடலிலிருந்து பிரித்து நன்னீர்த் தேக்கமாக்கிய அணை இது, 2008-இல் திறந்தது. அதன் மேல்தளம் முழுக்கப் புல்வெளி, பட்டம் விடுவார்கள். ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்கள். சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே மறைவதால் ஆறரைக்குப் போனால் இரண்டையும் வெளிச்சத்தில் பார்க்கலாம்.

கப்பல் ஏறும் நாளன்று காலையில் சுற்றலாமா?

செக்-இன் நேரம் பகல் 1 மணிக்கு மேல் கொடுத்திருந்தால், 11 மணி வரை ஒரே ஓர் இடம். ரயிலில் எளிதில் திரும்பக்கூடிய இடமாக இருக்க வேண்டும். அன்றைக்குத் தீவுப் படகு, எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் போய் வருவது போன்றவை கூடவே கூடாது. எல்லையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பது யார் கையிலும் இல்லை.

பெட்டிகளை?

அறையைக் காலி செய்த பிறகும் ஹோட்டல்காரர்கள் மதியம் வரை வைத்துக்கொள்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். முனையத்தில் பெட்டியை ஒப்படைத்தால் அது உங்கள் அறை வாசலுக்கு வந்து சேர மாலையாகலாம். பாஸ்போர்ட், மருந்து, பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் பாஸ்போர்ட்டைப் போட்டு அனுப்பிவிட்டுக் குடிநுழைவு வரிசையில் வெறுங்கையோடு நிற்கும் குடும்பத்தைப் பார்ப்பது பாவமாக இருக்கும். துணி தேய்க்கும் பெட்டியைக் கப்பலில் அனுமதிக்க மாட்டார்கள். பரிசோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

மழை பெய்தால்?

குடை இருக்கட்டும். பிற்பகலில் இடியோடு கொட்டும், ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். டிசம்பர், ஜனவரியில் மட்டும் விடாமல் பெய்யும் நாட்கள் வரலாம். அப்போது நடையைச் சுருக்கி, அருங்காட்சியகத்தில் கூடுதல் நேரம் செலவிடுங்கள்.

விசா எப்படி?

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு சிங்கப்பூர் விசா வேண்டும். இலங்கை பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை. பலர் தவறவிடுவது இது: கப்பல் ஏறும்போது நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறீர்கள், திரும்பி வந்து இறங்கும்போது மறுபடியும் நுழைகிறீர்கள். எனவே உங்கள் விசா பல முறை நுழைய இடம் தருவதா என்று பாருங்கள். எஸ்ஜி வருகை அட்டையையும் (சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் படிவம்) இரண்டு முறை நிரப்ப வேண்டும், விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது இன்னொன்று. வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்பலாம். கட்டணம் எதுவும் கிடையாது, பணம் கேட்கும் தளங்களில் ஏமாறாதீர்கள். கப்பலில் இணையம் சரியாகக் கிடைக்காமல் போகலாம். இரண்டாவது அட்டைக்குக் கரையில் இருக்கும்போதே வழி பண்ணிக்கொள்ளுங்கள்.

வழியில் நிற்கும் நாடுகளின் விதிகள் தனி. கப்பலை விட்டு இறங்காவிட்டாலும் சிலவற்றுக்கு விசா கேட்பார்கள், முன்பதிவு செய்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும்.

கொண்டுவரக் கூடாதவை?

மின்-சிகரெட், சூயிங்கம் இரண்டும் தடை. மின்-சிகரெட் கையில் இருந்தாலே குற்றம். சாதாரண சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட்டுக்கும் வரிவிலக்கு இல்லை, சுங்கத்தின் சிவப்பு வழியில் போய் அறிவித்து வரி கட்டணும். எம்ஆர்டியில் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது. அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகும். பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள்.

ரயிலுக்குக் கார்டு வாங்க வேண்டுமா?

தொட்டுச் செலுத்தும் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டை இருந்தால் அதையே வாசலில் தட்டிப் போகலாம். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும்.

வாங்கிய பொருளுக்கு ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். வரி 9 விழுக்காடு; பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்துள்ள கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும், பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். ஆனால் சிங்கப்பூரிலேயே ஏறி சிங்கப்பூரிலேயே இறங்கும் பயணத்துக்குக் கப்பல் முனையத்தில் கேட்க முடியாது. ஊருக்குத் திரும்பும் நாளில் சாங்கியில் கேளுங்கள். வாங்கி இரண்டு மாதம் தாண்டியிருக்கக் கூடாது. முஸ்தஃபாவைப் பயணத்துக்குப் பிறகு வையுங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கப்பலிலிருந்து இறங்குவது காலை 8 மணி, விமானம் ராத்திரி. என்ன செய்யலாம்?

பெட்டிகளை நேரே சாங்கிக்குக் கொண்டுபோய் பாதுகாப்பு அறையில் போட்டுவிட்டு தேக்காவுக்குத் திரும்புங்கள், மதியச் சாப்பாடும் கடைகளும் முடிந்துவிடும். மாலையில் சாங்கியிலுள்ள ஜூவல் வணிக வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உள்ளரங்க அருவியைப் பார்த்துவிட்டு விமானம் ஏறலாம். ஜூவல் முதலாம் முனையத்தோடு இணைந்தது, உள்ளே வர டிக்கெட் கிடையாது. மலேசியாவிலிருந்து கப்பலில் திரும்புகிறவர்களுக்கு மது பாட்டிலுக்குத் தீர்வை விலக்கு இல்லை என்பதால், கப்பல் கடையில் வாங்கியது ஏதாவது இருந்தால் இறங்கியவுடன் சுங்கத்தில் காட்டிவிடுங்கள்.